எது முதலில் உடைய வேண்டும்

காட்டு வண்டி கட்ட நினைக்கிறவர்கள் டயரில்தான் ஆரம்பிப்பார்கள். பெரிய டயர் வாங்கி மாட்டி, அதற்குத் தோதாக வண்டியைத் தூக்கி, முன்னால் விஞ்ச் பூட்டி, எல்லாம் முடிந்தபிறகு லூமுட்டில் என் பட்டறைக்கு வந்து, "அண்ணே, எக்சல் மட்டும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டுக் குடுங்க" என்பார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "எது முதல்ல உடையணும், தம்பி?" பலரும் திகைத்துப்போவார்கள். எதுவுமே உடையக் கூடாது என்றுதானே காசை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

காட்டில் ஏதாவது ஒன்று உடையத்தான் செய்யும். ஒன்றை வலுவாக்கினால் அடி அடுத்ததில் போய் விழும். ஷாப்டை மாற்றினால் டிஃபரன்ஷியலின் (எங்கள் பேச்சில் டிஃப்) பற்கள் போகும். டிஃபையும் பெரிதாக்கினால் ஹவுசிங் வளையும். அதற்கும் இரும்புப் பட்டை வைத்துக் கட்டினால் அடி முன்னே நகர்ந்து ட்ரான்ஸ்பர் கேஸில் இறங்கும். கிரிக் பக்கக் காட்டிலோ சுங்கை சிப்புட் உள்ளே பூர்வகுடிக் கிராமங்களுக்குப் போகும் மண்பாதையிலோ ட்ரான்ஸ்பர் கேஸ் பிளந்தால், வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஆகவே எக்சல் தேர்ந்தெடுக்கிற வேலையை நான் பின்னாலிருந்து தொடங்குவேன். மழையில், சேற்றில், இருட்டில், கையில் இருக்கும் ஸ்பேனரை வைத்து எதை மாற்ற முடியும்? அது முதலில் போகட்டும். மற்றதெல்லாம் அதைவிட வலுவாக இருக்கட்டும்.

இந்த எண்ணம் தோட்டத்திலிருந்து வந்தது. அப்பா ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். இன்றைக்கு இந்த மஞ்சோங் மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் செம்பனை. அன்று ரப்பர். பால் ஏற்றும் டிராக்டர், துரையின் லேண்ட் ரோவர், உரமூட்டை ஏற்றும் லோரி, எல்லாம் ஒரே தகரக் கொட்டகைக்குத்தான் வரும். சீரீஸ் லேண்ட் ரோவரின் பின் ஷாப்ட் உலகம் அறிந்த சங்கதி. குட்டை வண்டிகளின் ரோவர் எக்சலில் ஷாப்டின் உள்முனையில் 10 ஸ்ப்லைன் பற்கள்தான். பாரம் ஏற்றி, லோ ரேஞ்ச் போட்டு, கிளட்சை வெடுக்கென்று விட்டால் அந்த முனைதான் முதலில் முறியும். நீள வண்டிகளுக்குப் பிற்பாடு சாலிஸ்பரி எக்சல் வந்தது அதனால்தான்.

ஆனால் அந்தப் பழைய எக்சலில் ஒரு நல்ல குணம் உண்டு. சக்கரத்தின் நடுவே இருக்கும் ஃபிளாஞ்சில் ஆறு போல்ட். அவற்றைக் கழற்றினால் ஷாப்ட் தானாக வெளியே வரும். ஜாக்கி வேண்டாம், சக்கரத்தைத் தொட வேண்டாம், வண்டியின் பாரம் ஹப் பேரிங்குகள்மேல் அப்படியே நிற்கும். உடைந்த துண்டு டிஃபுக்குள் தங்கியிருந்தால் அப்பா காந்தம் கட்டிய கம்பியை விட்டு நிதானமாகத் துழாவுவார். வராவிட்டால் டிஃபையே இறக்க வேண்டும், அது தனிக்கதை. துண்டு முழுவதும் வெளியே வந்துவிட்டதா என்று இரண்டு முனைகளையும் சேர்த்துவைத்துப் பார்க்காமல் புது ஷாப்டை உள்ளே விடமாட்டார். ஒரு சில்லு உள்ளே இருந்தாலும் கிரவுன் வீலின் பற்களை அது தின்றுவிடும்.

ஷாப்டுக்கு முறுக்குவிசை மட்டும் போய், பாரத்தை ஹப் சுமக்கும் இந்த அமைப்புக்கு ஃபுல் ஃப்ளோட்டிங் என்று பெயர். காட்டிலிருந்து மரம் இழுத்த பழைய லோரிகளிலும் இதே ஏற்பாடுதான். போர் முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை வாங்கி, வெட்டி ஒட்டி, பின்னால் விஞ்ச் ஏற்றிக் காட்டுக்குள் ஓட்டினார்கள். சீனத் தவுக்கேக்கள் அவற்றைச் சான் தாய் வோங் என்பார்கள், மலாய்க்காரர்கள் லோரி ஹந்து என்பார்கள். கதவு இருக்காது, விளக்கு இருக்காது, எக்சல் மட்டும் கச்சிதமாக இருக்கும். காட்டு வண்டிக்கு எது அவசியம் என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தவை அந்த லோரிகள்.

செமி ஃப்ளோட்டிங் எக்சலில் சக்கரம் ஷாப்டின் ஃபிளாஞ்சிலேயே பூட்டப்பட்டிருக்கும். முறுக்கையும் பாரத்தையும் ஒரே ஷாப்ட் தாங்க வேண்டும். ஹைலக்ஸின் பின் எக்சல் இந்த வகை. பேரிங்குக்கு உட்புறம் முறிந்தால் சக்கரம் எப்படியோ தொற்றிக்கொண்டு நிற்கும். வெளிப்புறம் ஃபிளாஞ்சை ஒட்டி முறிந்தால் சக்கரம் தனியாக, வண்டி தனியாகத்தான். மாற்றுவதற்கும் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைக் கழற்றி, பிரேக் பைப்பை அவிழ்த்து, பேரிங் அழுத்திய ஷாப்டாகவே கொண்டுபோயிருக்க வேண்டும். செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் முழங்கால் ஆழச் சேற்றில் செய்ய யாருக்கும் பிரியம் வராது.

டயருக்கு வருகிறேன். பேராக்காரர்களுக்குச் சேற்று டயர் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங்கில் பிறந்ததுதான் சில்வர்ஸ்டோன், அதன் எம்டி 117 டயரை நம் நாட்டில் காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆழமான பற்கள், கெட்டியான பக்கச்சுவர். 29 இன்ச் டயரில் ஓடிய வண்டிக்கு 35 இன்ச் போட்டால் உயரம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. எக்சல் மையத்திலிருந்து மண்வரைக்கும் உள்ள தூரமும் அதே அளவு கூடுவதால், அதே பிடிமானத்துக்கு ஷாப்ட் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக முறுக்கு வாங்க வேண்டும். டயரின் எடையும் ஏறுகிறது. நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும்போது அது தெரியும்.

கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் டீசல் இன்ஜின் ஒன்று. முதல் கியர் ஏறக்குறைய 4 மடங்கு, லோ ரேஞ்ச் 2.5 மடங்கு, டிஃப் 4.1 மடங்கு. பெருக்கினால் 10,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகிறது. சக்கரத்தின் பக்கமிருந்து பாருங்கள். ஒரு சக்கரத்தில் 600 கிலோ பாரம், நல்ல காய்ந்த தரை, 35 இன்ச் டயர். சுமார் 2,000 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிவிடும். இன்ஜின் கொடுக்கக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்குதான் இது. டயர் வழுக்கிக்கொடுப்பதால்தான் ஷாப்ட் உயிர் பிழைக்கிறது.

இப்போது டயரை வழுக்கவிடாத ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேர்களுக்கு நடுவே டயர் செருகிக்கொள்கிறது. வண்டி பின்னுக்குச் சாய்ந்து ஒரு பின் சக்கரத்தில் 1,000 கிலோ விழுகிறது. இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக் போட்டிருக்கிறது, மற்றச் சக்கரங்கள் அந்தரத்தில். இருக்கிற முறுக்கெல்லாம் அந்த ஒற்றை ஷாப்டைத் தேடி வரும். அதைவிடக் கெட்டது, சேற்றில் சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கையில் அடியில் ஒரு கல்லைப் பற்றிக்கொள்வது. சுழன்ற டயரும் ட்ரம்மும் சேர்த்துவைத்த வேகம் முழுவதும் ஒரே கணத்தில் ஷாப்டில் இறங்குகிறது. இதற்குக் கணக்கு போட முடியாது. வெறும் சேறு ஷாப்டை உடைப்பதில்லை. சேற்றுக்கு அடியில் இருப்பது உடைக்கிறது. மெதுவாக ஓட்டுகிறவனுக்கு நான் சின்ன எக்சலே போதும் என்பேன், ஆக்சிலேட்டரை மிதித்து ஏறுகிறவனுக்குப் பெரியதே போதாது. ஆளைத் தெரிந்துகொள்ளாமல் எக்சல் சொல்ல முடியாது.

1997-இல் லூயிஸ் வீ ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியை ஆரம்பித்தபிறகு இந்தத் தொழிலின் முகமே மாறியது. ஆண்டுக் கடைசியில், பருவமழை கொட்டுகிற சமயமாகப் பார்த்து நடத்தப்படும் போட்டி அது. அதற்கு முன் 1993-இல் சபாவில் கேமல் டிராபி நடந்தபோது வந்தவை தொழிற்சாலையில் தயாரான டிஸ்கவரி வண்டிகள். ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சிலோ அவரவர் பட்டறையில் வெட்டி ஒட்டிய வண்டிகள். அந்தச் சேற்றில் எந்த எக்சல் நின்றது, எது போனது என்று ஈப்போ ஹாஃப் கட் கடைகள்வரை பேச்சாக இருக்கும். ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் வண்டிகளில் எக்சல் தேடுகிற பழக்கம் எங்களுக்கு முன்பே இருந்தது. போட்டி வந்தபின் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவானது.

குட்டி சுசுகி ஜீப்புக்கு ஹைலக்ஸ் எக்சல் போடுவது பழைய வழி. 8 இன்ச் கிரவுன் வீல், பின்னால் 30 ஸ்ப்லைன் ஷாப்ட். ஒரு டன் சொச்சம் எடையுள்ள வண்டிக்கு இது ஏராளம். ஹைலக்ஸுக்கே வலு வேண்டும் என்றால் நிசான் பேட்ரோல் ஒய்60-இன் எக்சலைப் பார்க்கச் சொல்வேன். கிரவுன் வீல் 233 மில்லிமீட்டர், பின்னால் ஃபுல் ஃப்ளோட்டிங். சக்கரத்துக்கு ஆறு போல்ட், இடைவெளியும் ஹைலக்ஸின் அதே 139.7. லேண்ட் குரூசர் 80-இன் பின் எக்சல் 9.5 இன்ச், அதுவும் நல்லதுதான். இரண்டுமே ஹைலக்ஸைவிட அகலம். அதனால் டயர் பக்கவாட்டில் வெளியே தள்ளும், சரிவில் வண்டி நன்றாக நிற்கும், குறுகிய காட்டுப்பாதையில் மரத்தில் உரசும். எதற்குச் சம்மதம் என்று உரிமையாளர்தான் சொல்ல வேண்டும்.

போர்ட்டல் எக்சலைப் பற்றிக் கேட்காத இளைஞர் இல்லை. யூனிமாக் 404, ஸ்வீடன் ராணுவத்துக்காகச் செய்த வோல்வோ சி303, இரண்டிலும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஜோடி கியர் இருக்கும். எக்சல் மையம் சக்கர மையத்தைவிட உயரத்தில் போவதால் அடிவயிறு தட்டாது. வேகக்குறைப்பின் ஒரு பகுதி சக்கரத்தருகே நடப்பதால் ஷாப்டுக்கு வரும் முறுக்கு குறைகிறது, டிஃபும் சிறியதாக இருந்தால் போதும். மூளையுள்ளவன் செய்த அமைப்பு. ஆனால் பிரேக்கும் பல்லும் பேரிங்கும் கிடைக்காமல் மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடக்கும் வண்டிகளை இந்தப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். சித்தியவானில் கிடைக்காத சாமானை நம்பிக் காட்டுக்குள் போகாதே என்பேன்.

எந்த எக்சல் என்றாலும் முன், பின் டிஃப் விகிதம் பொருந்த வேண்டும். முன் டிஃப் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, ட்ரான்ஸ்பர் கேஸின் வாய் எந்தப் பக்கம் என்று வாங்குமுன் பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து பிறகு தலையில் கைவைப்பவர்கள் அதிகம்.

ஷாப்டின் வலு அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். விட்டம் பத்து சதவீதம் கூடினால் வலு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் தடிமன் மட்டும் போதாது. கம்பெனி ஷாப்டுகள் பலவும் கார்பன் இரும்பைத் தோல் மட்டும் கடினப்படுத்திச் செய்தவை. அதைவிட உயர்ந்தது 4340 குரோம்மோலி. ஈப்போவிலும் சித்தியவானிலும் லேத் பட்டறைக்காரர்கள் ஈஎன்24 என்பார்கள், அசாப் 705 என்று விற்பதும் அதே ரகம். ஈயச் சுரங்கங்களுக்கு உதிரிப்பாகம் செய்து வளர்ந்த கைகள் ஈப்போவில் உண்டு, கம்பியைக் கொடுத்தால் ஷாப்ட் கடைந்து தருவார்கள். நான் அவர்களிடம் இரண்டு கேட்பேன். ஸ்ப்லைன் கடைந்தபின் வெப்பச் சிகிச்சை எங்கே செய்கிறீர்கள்? நடு உடலை ஸ்ப்லைனின் அடிவிட்டத்துக்குச் சமமாக இறக்குவீர்களா? நடுவில் தடிமனாக விட்டால் முறுகல் எல்லாம் ஸ்ப்லைன் கழுத்தில் குவிந்து அங்கே முறியும். ஒரே விட்டமாக இருந்தால் முழு நீளமும் முறுகிக் கொடுத்து அடியைப் பங்கிட்டுக்கொள்ளும். பார்வைக்கு மெலிந்து தெரியும் ஷாப்ட் நீண்டநாள் உழைப்பதை வாடிக்கையாளருக்கு நம்பவைப்பதுதான் கஷ்டம். முறிந்த ஷாப்டை வெல்டிங் செய்து தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அது சாலையில் எதிரே வருகிறவனையும் சேர்த்துக் கொல்லும்.

முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக, சிப்பி ஓட்டில் இருப்பதுமாதிரி மெல்லிய வளைகோடுகள் தெரிந்து, மீதி சொரசொரப்பாக இருந்தால், விரிசல் நெடுநாளாக ஊர்ந்துவந்திருக்கிறது, கடைசி ஏற்றத்தின்மேல் பழி போட வேண்டாம். முகம் முழுவதும் ஒரே மாதிரி புதிதாக இருந்தால் ஒரே அடியில் போனது. முதல் வகையில் தொடக்கப் புள்ளியைத் தேடினால் பெரும்பாலும் ஒரு துருக்குழி கிடைக்கும். லூமுட்டில் இது சாதாரணம். படகு இறக்குகிற சரிவிலும் தெலுக் பாத்திக் மணலிலும் சதுப்புக்காட்டு ஓரத்திலும் ஓடும் வண்டிகளுக்குச் சேறே உப்புச்சேறு. சூடேறிய எக்சல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். மறுநாள் டிஃப் ஆயிலை இறக்கினால் தே தாரிக் நிறத்தில் வரும். சுவாசக் குழாயை நீட்டி இன்ஜின் அறையின் உச்சிவரை கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லை போய்விடும். சில வெள்ளிதான் செலவு. பல ஆயிரம் வெள்ளிக்கு ஷாப்ட் வாங்குகிறவர்கள் இந்தக் குழாயை மறந்துவிடுகிறார்கள். கடற்கரை வண்டியிலிருந்து பழைய எக்சல் வாங்கினால் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

முன் எக்சலில், சக்கரம் திரும்பும்போதும் முறுக்கைக் கடத்தும் பர்ஃபீல்ட் ஜாயிண்டுதான் பலவீனம். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் அதன் கிண்ணம் பிளந்துவிடும். மாற்றுவதற்கு நக்கிளையே பிரிக்க வேண்டும், கிரீசும் சேறும் கலந்து முழங்கைவரை ஏறும். அதனால் கையால் திருப்பும் ஹப்பை நாங்கள் எங்களுக்குள் ஃபியூஸ் என்போம், அதை ஜாயிண்டைவிடச் சற்றுப் பலவீனமாகவே விட்டுவைப்பேன். ஹப் போனால் வெளியில் இருக்கும் ஆறு நட்டைக் கழற்றி வேறொன்று பூட்டிவிட்டு நடையைக் கட்டலாம். குரோம்மோலி ஜாயிண்ட் போட்டவர் கூடவே ஹப்புக்குப் பதிலாகக் கெட்டி ஃபிளாஞ்சையும் போடச் சொன்னால், பாதிக் காசை வீணாக்குகிறார் என்று சொல்லிவிடுவேன். ஜாயிண்டுக்கு அடுத்தது டிஃப் பல். அதைக் காட்டில் மாற்ற முடியாது.

எக்சல் மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதும் தனி விஷயம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி இப்படிப்பட்ட மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும், வண்டி பரிசோதனைக்கும் போக வேண்டும். காட்டுக்கு மட்டும்தானே என்று சொல்லிக்கொண்டு, காட்டுவரைக்கும் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

செகாரி பக்கம் டுரியானும் செம்பனையும் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மகனோடு வந்தார். ஒரே ரக வண்டி, இருவருக்கும் ஆளுக்கொன்று. மகனுக்கு 35 இன்ச் டயர், இரண்டு டிஃபிலும் லாக், போட்டி. பெரியவருக்கு மழைநாளில் பழத்தை ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினால் போதும். அவர் வண்டியில் எக்சலை நான் தொடவே இல்லை. டயரை 31-இல் நிறுத்தி, பேரிங்கும் சீலும் புதிதாக்கி, சுவாசக் குழாயை உயர்த்தி, பின்னால் மட்டும் லாக் போட்டேன். "எனக்கு மட்டும் ஏன் குறைச்சலா செய்யிறீங்க தம்பி?" என்று கேட்டார். "நீங்க மெதுவா ஓட்டுறீங்க ஐயா, அதுக்கு இது தாராளம்" என்றேன். மகனுக்குப் பேட்ரோல் எக்சல் ஏறியது. ஸ்பிரிங் தாங்கிகளைப் புதிய இடத்தில் வெல்டிங் செய்வதற்குமுன் பினியன் கோணத்தை வண்டியின் முழுப் பாரத்தோடு தரையில் நிறுத்தி அளந்தோம். தூக்கிவைத்து அளந்தால் புரொபெல்லர் ஷாப்ட் அதிரும். ஹவுசிங்கின் மேல்முதுகில் பட்டை வைத்தோம், கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைத்து, சூட்டில் குழாய் வளையாதபடி.

பின் ஷாப்டுகளை உள்ளே விடுமுன் ஒவ்வொன்றின் உடலிலும் நீளவாக்கில் வெள்ளைப் பெயிண்டால் நேர்கோடு இழுத்தேன். முதல் போட்டி முடிந்து வந்ததும் கழற்றினோம். ஃபுல் ஃப்ளோட்டிங் என்பதால் சக்கரம் தரையில் இருக்கும்போதே கையில் வந்துவிட்டது. இடப்பக்கக் கோடு இழுத்தபடியே இருந்தது. வலப்பக்கம் ஸ்ப்லைன் முனையருகே கோடு மெல்லச் சாய்ந்திருந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பற்களும் கூடவே சாய்ந்திருந்தன. முறிவதற்கு இன்னும் நாளிருக்கும், ஆனால் இரும்பு இனி பழைய நிலைக்குத் திரும்பாது. "இதையே இன்னொரு ட்ரிப் ஓட்டலாமா அண்ணே?" என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். வலதை மட்டும் மாற்றினோம். புதியதற்கும் கோடு இழுத்து, பெயிண்ட் காய்ந்ததும் உள்ளே விட்டோம்.